முத்திரை நாயகம் ஆதனாரின் வலக்கை

கழி வற்றாதிருக்க. கரை உடையாதிருக்க. கடல்மேல் போனவர் யாவரும் வீடு மீள்க.

வெண்ணாரைக் கொடியும் ஏழு கழிமுகமும் உடைய நெடுங்கழி நாட்டைத் தந்தையார்க்குப் பின் பத்தொன்பதாம் ஆண்டாக ஆண்டுவரும் அரசி பூதி நங்கையார், பன்மாடப் பட்டினத்து மன்னரும், இரு துறைமுகங்களின் தலைவரும், தென்கரைக் காவலரும், சென்ற சித்திரை முதல் ‘கலைகட்கெல்லாம் குடை’ என்னும் பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவருமாகிய விறலரையர் திருமுன்பு விடுக்கும் ஓலை. தங்கள் நலமும், தங்கள் பட்டத்தரசியார் நலமும், பெருநகரின் ஆயிரம் மாடங்களின் நலமும் அறிய அவாவுகிறோம். இங்கு நாம் நலம். நம் முத்திரை நாயகம் ஆதனாரின் வலக்கையும் இவ்வோலை எழுதப்படும் இந்நேரம் வரை நலமே. அந்தக் கையைக் குறித்தே இவ்வோலை.

ஆடி பன்னிரண்டாம் நாள் தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. நாம் ஒரு சொல்லும் எழுதாத வெண்துணியில் நம் முத்திரையை மட்டும் பதித்து, அரச முறைப்படி ஏழு மடிப்பாக மடித்துத் தங்களுக்கு விடுத்ததாகவும், வெற்றுத்துணியில் முத்திரையிட்டு விடுப்பவர் அதைப் பெறுபவரின் விருப்பம் எதுவாயினும் அதற்கு முன்கூட்டியே இசைந்தவர் ஆவார் என்பது மன்னர் மரபு என்பதாகவும், ஆகவே தங்கள் விருப்பத்தைத் தாங்களே அத்துணியில் எழுதி நிரப்பிக்கொண்டதாகவும், அவ்விருப்பம் நம் இரு நாட்டுக்கும் நடுவே ஆற்றில் கிடக்கும் நாணல்திட்டு என்பதாகவும் அதில் கண்டிருந்தது. நம் பெருந்தன்மையை மூன்று இடங்களில் புகழ்ந்திருந்தீர்கள். படித்தபோது நமக்கே நம்மீது மதிப்பு சற்றுக் கூடியது.

நாணல்திட்டில் முந்நூறு குடிகள் பாய் முடைந்து பிழைக்கின்றன. அவர்களை யாருக்கும் கொடுப்பதாக நாம் எங்கும் எழுதவில்லை. நாம் எதையுமே எழுதவில்லை என்பதுதான் தங்கள் வாதம் என்பதையும் அறிவோம். எனவே அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதை நடந்தது நடந்தபடி சொல்கிறோம். சாட்சிகளின் பேச்சைச் செந்தமிழாக்கித் தருவதாக நம் ஓலைக்கணக்கர் முன்வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். பச்சை குத்துகிற பெண் அடுக்கடுக்காக அணிநயத்தோடு பேசினாள் என்று எழுதினால், தங்கள் அவையில் அதை நம்புவோர் யாரும் இருக்க மாட்டார்கள்.

சென்ற ஆனியில், சனியும் ஞாயிறுமாகிய இரு நாளும் தங்கள் நகரில் பச்சைக்குத்துப் பெருங்கூடல் நடத்துவதாகவும், எட்டு நாட்டாரும் வந்து தத்தம் சின்னத்தைத் தம் ஆள் ஒருவர் மேனியில் அங்கேயே குத்தி அரங்கேற்ற வேண்டும் என்றும் எல்லோருக்கும் அழைப்பு விடுத்தீர்கள். சின்னம் மெய்யானதே என்று சான்று கூற அந்தந்த நாட்டு முத்திரை நாயகமும் உடன்வர வேண்டும் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அந்த வரி தங்களுடையது. இதை நினைவில் இருத்துக.

நம் முத்திரை நாயகம் ஆதனாருக்கு அகவை ஐம்பத்தெட்டு. மெலிந்த மேனி. தும்மினால்கூட அருகிலிருப்பவரிடம் மன்னிப்புக் கேட்பவர். மூன்று விரல் அகலமுள்ள பொன்வில்லையாகிய நம் முத்திரையை முப்பத்தோராண்டாகக் கழுத்துக் கயிற்றில் சுமந்து வருகிறார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அவர் கையில் எந்தத் துணி கிடைத்தாலும் அது ஏழு மடிப்பாகிவிடும். மேல்துண்டு, கைக்குட்டை, சமையலறைக் கரித்துணி எல்லாவற்றுக்கும் அவர் வீட்டில் அரச மரியாதைதான் என்று அவர் மனைவியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வரும் தையில் அவருக்குப் பணி ஓய்வு. வில்லையை அடுத்தவர் கழுத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்.

சின்னம் தாங்குவதற்கு வேழன் என்னும் மல்லனை உடன் அனுப்பினோம். நாற்பது பேரை மண்ணில் புரட்டிய புயம் அவனுடையது. அவன் முதுகில் ஒரு நாரை என்ன, அதன் சுற்றமே வந்து குடியிருக்கலாம். இருவரும் வெள்ளிக்கிழமை மாலை படகேறினர். வில்லையும் ஆதனார் கழுத்திலேயே போனமையால், அவர் திரும்பும் வரை நம் நாட்டில் ஒரு புதிய ஆணையும் பிறக்கவில்லை. அந்த நாட்கள் மிகவும் நிம்மதியாக இருந்தன என்று மக்கள் பேசிக்கொண்டதாக ஒற்றர்கள் கூறினர்.

தங்கள் பெருங்கூடலைப் பற்றி ஆதனார் நம்மிடம் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறோம். வாயிலில் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டினார்களாம். அது அறுந்தால் மறுபடி உள்ளே விடமாட்டோம் என்றார்களாம். ஆதனார் இரு நாளும் அந்தக் கையைச் சற்றே உயர்த்தியபடி நடந்திருக்கிறார். உள்ளே நூற்றிருபது பந்தல்கள். எங்கும் விளக்குக்கரியும் மஞ்சளும் நல்லெண்ணெயும் கலந்த மணம். ஊசி தட்டும் ஓசையும், அதைத் தொடரும் முனகலும், முனகல் வெளியே கேட்காதிருக்க அடித்த முழவொலியும் ஓயவில்லையாம். வயிற்றில் பாய்மரக் கப்பல் குத்திக்கொண்ட வணிகர் ஒருவர், உண்ட பின் பாய் விரிவதை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம். மார்பில் மூன்று மனைவியர் முகத்தையும் வரைந்திருந்த ஒருவர், மூன்றாமவருக்கு இடம் போதாமல் இரண்டாமவரின் கொண்டையைக் காதணியாக மாற்றித் தரும்படி கெஞ்சிக்கொண்டிருந்தாராம். எதுவும் நிலையில்லை என்று நெற்றியில் குத்திக்கொண்ட துறவி ஒருவரும் இருந்திருக்கிறார். மூன்றே ஆண்டில் சாயம் மங்கிவிட்டது என்று அவர் தம் பச்சைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம்.

முதலில் ஆதனாருக்கு இவையெல்லாம் கூச்சமாகவே இருந்திருக்கின்றன. பிறகு ஏதோ ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. முன்பின் அறியாதவர்கள் சட்டெனக் கையை நீட்டி, இது என் தாய், இது நான் வளர்த்துச் செத்துப்போன குதிரை, இது மூழ்கிய என் படகு என்று காட்டினார்களாம். கேட்காமலேயே காட்டினார்களாம். முப்பத்தோராண்டாக ஒன்றை மேலாடைக்குள் மறைத்தே சுமந்தவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதை நாம் பின்னர்தான் உணர்ந்தோம்.

சனிக்கிழமை உச்சிக்குப் பின் நம் நாட்டின் முறை வந்தது. பந்தலின் முன்கம்பத்தில் வெண்ணாரைக் கொடி ஏறியது. பச்சை குத்தும் குன்றியாள் என்னும் பெண், மூங்கில் காம்பில் ஏழு ஊசிகளைச் சேர்த்துக் கட்டிய கருவியை எடுத்து நெருப்பில் காட்டினாள். வேழன் அதைப் பார்த்தான். பார்த்தபடியே கண் செருகிச் சாய்ந்தான். பந்தலின் பின்கம்பம் ஒன்றும் அவனோடு சாய்ந்தது. விசாரணையில் அவன் சொன்னது வருமாறு. “ஊசின்னா எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாது. போறியான்னு கேட்டாங்க, போறேன்னேன். ஊசி ஆகுமான்னு யாரும் கேக்கல.” அவனை நாம் தண்டிக்கவில்லை. கேட்காதது நம் பிழை.

கூட்டம் சிரித்தது. நெடுங்கழி நாட்டு நாரை பறந்துவிட்டது என்று தங்கள் அறிவிப்பாளர் முழவு தட்டி அறிவித்தாராம். நல்ல நகைச்சுவைதான். அந்தச் சிரிப்பின் நடுவே ஆதனார் மேலாடையை எடுத்து ஏழாக மடித்து வைத்துவிட்டு, குன்றியாளின் முன் அமர்ந்து வலக்கையை நீட்டினார். தோல் தொய்ந்திருக்கிறது, வலி மிகும் என்று அவள் எச்சரித்தாள். வலித்தால் வலிக்கட்டும் என்றார். பிறகு முப்பத்தோராண்டில் முதன்முறையாக ஊரார் பார்க்கக் கழுத்திலிருந்து வில்லையை எடுத்து, இதைப் பார்த்துக் குத்து என்று அவள் முன் வைத்தார்.

இங்குதான், மன்னரே, பிழை நேர்ந்தது. உலகில் ஒரு முத்திரை நாயகத்தைத் தவிர வேறு எவரும் இப்பிழையைச் செய்திருக்க முடியாது. நம் கொடியிலும், நம் ஓலைகளிலும், நாணயங்களிலும் நாரை வலப்புறம் நோக்கி நிற்கும். ஆனால் வில்லையில் அது இடப்புறம் நோக்கி நிற்கும். அங்கே இடம் நோக்கி நின்றால்தான் பதித்த இடத்தில் வலம் நோக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆதனாரும் அறிவார். ஆனால் அவர் பதிந்ததைப் பார்ப்பவர் அல்லர். பதித்த மறுநொடியே வில்லையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் மையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். ஓலையைப் பார்ப்பது நம் வேலை. முப்பத்தோராண்டாக அவர் கண் கண்ட நாரை இடம் நோக்கும் நாரை ஒன்றே.

குன்றியாள் திறமைசாலி. அவள் கேட்டிருக்கிறாள். நாம் ஆளனுப்பிப் பெற்ற அவள் வாக்குமூலம் இது. “கரியால வரைஞ்சதுமே சொன்னேன் ஐயாகிட்ட. கொடியில நாரை அந்தப் பக்கம் பாக்குது, வில்லையில இந்தப் பக்கம் பாக்குது, எந்தப் பக்கம் வைக்கட்டும்னு. கொடி காத்துக்குத் திரும்பும்மா, வில்லை திரும்பாது, இதுல இருக்கறபடியே குத்துன்னாரு. அளவும் அதேதான் வேணும்னு நூலை வச்சு அளந்து பாத்தாரு. அரிசி முனை அளவு கூட இருந்துச்சு. அழிச்சு மறுபடி வரையச் சொன்னாரு. நான் இத்தனை வருசத்துல இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல.”

ஏழரை நாழிகை குத்தினாளாம். இறகுக்கு இறகு பிசகாமல் குத்தியிருக்கிறாள். ஆதனார் முனகவில்லை. பணியேற்ற நாள் முதலாகத் தாம் முத்திரையிட்ட ஆணைகளை வரிசையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பன்னிரண்டாம் ஆண்டை எட்டியபோது குத்தி முடிந்துவிட்டது. மஞ்சளும் நெய்யும் தடவி, வெண்துணியால் கட்டுப் போட்டு, “ராவெல்லாம் மை கசியும். காலையில அவுத்துட்டு வேற துணி கட்டிக்கங்க, இதைத் தூக்கிப் போட்டிருங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

ஞாயிறு காலை சத்திரத்தில் ஆதனார் கட்டை அவிழ்த்தார். கசிந்த மை துணியில் பதிந்திருந்தது. வில்லையின் அளவிலேயே, வில்லையின் கோடுகளோடு, வலப்புறம் நோக்கி ஒரு நாரை அதில் நின்றது. ஆதனார் அதைப் பார்க்கவில்லை. பதிந்ததைப் பார்ப்பது அவர் வழக்கம் இல்லை என்று முன்பே சொன்னோம். கையைத் துடைத்துப் புதுத்துணி கட்டிக்கொண்டார். பழைய துணியை வீசியெறிய மனம் வராமல், ஏழு மடிப்பாக மடித்துச் சன்னலில் வைத்துவிட்டு அரங்கத்துக்குப் போனார்.

அரங்கத்தில் தங்கள் நடுவர்கள் நாரை எதிர்ப்பக்கம் பார்க்கிறது என்பதுபோல் ஏதோ சொல்லி, அதற்கு எட்டாம் இடம் வழங்கினர். வந்திருந்தவை எட்டு நாடுகள். முதற்பரிசு தங்கள் பட்டினத்துச் சின்னத்துக்கே கிடைத்தது என்று அறிந்து வியப்படையவில்லை. ஆதனார் பரிசைக் கவனிக்கவும் இல்லை. அங்கே அவரும் கையை நீட்டி, அறிமுகமில்லாத நாலைந்து பேரிடம், இது எங்கள் நாரை என்று காட்டினாராம்.

அன்றே தங்கள் சத்திரத்து மணியம் சன்னலில் அந்தத் துணியைக் கண்டிருக்கிறார். அவர் சொன்னதைத் தங்கள் ஓலையிலேயே இணைத்திருந்தீர்கள். “ராசமுத்திர போட்ட துணி. ஏழு மடிப்பு. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஓடியாந்தேன்.” அவர் மேல் குற்றமில்லை. ஆனால் தங்கள் அவையில் அறிஞர் பதினெண்மர் அமர்ந்து அதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் மஞ்சளும் நெய்யும் மணக்கக் கண்டு, நெடுங்கழி நாட்டார் தம் உடன்படிக்கைகளை நெய்யில் தோய்த்து அனுப்பும் தொல்வழக்கம் உடையவர் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்த வழக்கம் நமக்கே புதிது. எழுதி வைத்துக்கொண்டோம்.

ஆதனார் திரும்பி வந்து நம் முன் கையை நீட்டிய அன்று நாம் சிரித்தோம். அதை மறைக்கப் போவதில்லை. முத்திரை நாயகமே, உங்கள் நாரை நம் நாட்டைவிட்டுப் போகப் பார்க்கிறதே என்று கேலியும் செய்தோம். அவர் அவைச்சுவரில் இருந்த கொடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி கொடியைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டபின் நமக்குச் சிரிப்பு வரவில்லை. அமைச்சர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஏன் இதைச் செய்தீர் என்று கேட்டோம். நாட்டின் மானம் காக்க என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறோம். “தையில வில்லையக் கழட்டிக் குடுத்துட்டு வெறுங்கழுத்தோட வீட்டுக்குப் போகணும் தாயே. முப்பத்தோரு வருசம் நெஞ்சுல கிடந்தது. எனக்குன்னு ஒண்ணு வேணும்போல இருந்துச்சு. கேட்டா யாரும் தரமாட்டாங்க. அதான் குத்திக்கிட்டேன்.”

பிறகு தங்கள் ஓலை வந்தது. ஆதனார் கட்டுத்துணியின் கதையைச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அவர் கையில் இருப்பது படம் அன்று, நம் முத்திரையின் இரண்டாம் முகம் என்பது எல்லோருக்கும் விளங்கியது. நம் பாட்டனார் வகுத்த முத்திரை முறையை ஓலைக்கணக்கர் எடுத்து வாசித்தார். முத்திரைக்கு முகம் ஒன்றே. இரண்டாயின், ஊரறிய வாயில்முன்றிலில் பட்டடைக்கல்லின்மேல் வைத்து ஒன்று நசுக்கப்படும், எஞ்சியதே முத்திரை. மரத்தில் ஆனதா, மண்ணில் ஆனதா, கல்லில் ஆனதா என்று கேட்கப்படாது. இவ்வளவுதான் முறை. தோலில் ஆனதா என்பதை நம் பாட்டனார் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

வழி இரண்டே என்றனர் அமைச்சர். துணியில் இருப்பது மெய்முத்திரை என்று ஒப்புக்கொண்டால் நாணல்திட்டு போகும். பொய்முத்திரை என்று மறுத்தால், பொய்முகம் ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டதாகும். ஆதனாரின் கை பட்டடைக்குப் போகும். கையை வைத்துக்கொண்டு திட்டையும் வைத்துக்கொள்ள முறை இடம் தராது. அமைச்சர் அறுவரும் நாள் முழுதும் இதை விவாதித்தனர். விவாதம் முடியும் வரை தத்தம் கைகளை மேலாடைக்குள்ளேயே வைத்திருந்தனர்.

விவாதத்தை ஆதனாரே முடித்து வைத்தார். “திட்டுல முந்நூறு அடுப்பு எரியுது தாயே. இது ஒரு கை. இதுல யோசிக்க என்ன இருக்கு” என்றார். ஒன்றை மட்டும் வேண்டினார். இடக்கையால் உண்ணப் பழக ஏழு நாள் தவணை வேண்டும் என்றார். தந்தோம். அந்த ஏழு நாளும் அவர் மனைவியார் நம்மிடம் வந்து அழவில்லை, யாரிடமும் முறையிடவும் இல்லை. அவர் இடக்கையால் சோற்றைச் சிந்திச் சிந்தி உண்ணும்போது, எதிரே அமர்ந்து தாமும் இடக்கையாலேயே உண்டாராம். இதை அடுத்த வீட்டார் வந்து சொன்னார்கள். அன்று முதல் அந்த முறையோலையை நாமே கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தோம்.

ஆடி இருபத்திரண்டாம் நாள் காலை வாயில்முன்றிலில் பட்டடைக்கல் வந்தது. கொல்லர் பெருஞ்சுத்தியலோடு நின்றார். நாணல்திட்டு மக்களும் படகுகளில் வந்திருந்தனர். முறைப்படி ஆதனார் கழுத்திலிருந்து பொன்வில்லையைக் கழற்றி, துடைத்து, நம் கையில் தந்தார். பிறகு தாமே போய்ப் பட்டடையருகே மண்டியிட்டு, வலக்கையைக் கல்லின்மேல் வைத்தார். கோணலாக இருந்ததுபோலும். சற்று நகர்த்தி நேராக வைத்துக்கொண்டார். கொல்லர் நம்மைப் பார்த்தார்.

ஓலைக்கணக்கரை முறையை மறுபடி உரக்க வாசிக்கச் சொன்னோம். வாசித்தார். இரண்டாயின் ஒன்று நசுக்கப்படும் என்று இருக்கிறதே, எது என்று இருக்கிறதா என்று கேட்டோம். அவர் ஓலையைப் புரட்டிப் பார்த்தார். இல்லை என்றார். எஞ்சியதே முத்திரை என்பது இருக்கிறதா என்றோம். இருக்கிறது என்றார். ஆதனாரை நோக்கி, கையை எடுங்கள், கொல்லருக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றோம். அவருக்கு விளங்கவில்லை. நாமே அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, அங்கே பொன்வில்லையை வைத்தோம்.

மூன்று அடி. நம் பாட்டனார் வார்ப்பித்தது, நம் தந்தையார் இறக்கும் நாளில் நமக்கென்று சுட்டிக்காட்டியது, மூன்றாம் அடியில் வெறும் பொன்தகடாயிற்று. நமக்கு வலித்தது. பொய் சொல்வானேன். ஆதனார் குழந்தைபோல் அழுதார். தம் கை தப்பியதற்காக அழவில்லை. நசுங்கிய நாரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதற்காக அழுதார்.

ஆகவே, விறலரைய மன்னரே, நம் நாட்டின் ஒரே முத்திரை ஆடி இருபத்திரண்டு முதல் ஆதனாரின் வலக்கை. தங்களிடம் உள்ள துணியோ பச்சை குத்திய நாளாகிய ஆனி இருபத்தோராம் நாளுக்கு உரியது. அன்று நம் முத்திரை பொன்வில்லை. அந்த வில்லையில் அன்று மை படவில்லை என்று குன்றியாள் ஆணையிட்டுச் சொல்லியிருக்கிறாள். எனவே தாங்கள் தங்கள் விருப்பத்தை எழுதி நிரப்பியது முதியவர் ஒருவரின் புண்ணில் கட்டியிருந்த துணியில். புண் ஆறிவிட்டது. துணியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். நாணல்திட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் நமக்கு இடைஞ்சல்கள் உண்டு என்பதை ஒளிக்கவில்லை. ஆறிய தோல் எதிலும் பதிவதில்லை. நம் ஆணை எங்கே போக வேண்டுமோ அங்கே ஆதனாரும் போய்க் கையைக் காட்ட வேண்டியிருக்கிறது. மாதம் நாற்பது ஆணை பிறந்த நாட்டில் இனி ஐந்தாறுதான் பிறக்கும். அவருக்குத் தையில் ஓய்வு இல்லை. எந்தத் தையிலும் இல்லை. ஒன்றைத் தமக்கென்று வேண்டியவரை நாம் முழுவதுமாக நாட்டுக்கென்று எடுத்துக்கொண்டோம். குளிக்கப் போனாலும் நான்கு காவலர் உடன் போகிறார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஆயுள்தான் நம் ஆணைகளின் ஆயுள் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டமையால், தெருவில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் அவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள். அவரை எப்போதும் அதட்டும் நம் மூத்த அமைச்சர்கூட நேற்று கேட்டார்.

இனி நம் கட்டளை. வேண்டுகோள் என்று படித்தாலும் தடையில்லை. ஆதனாரின் கையைத் தங்கள் பதினெண்மரும் கண்ணால் பார்க்கலாம். மை, அரக்கு, ஈரத்துணி எதையும் அருகில் கொண்டுவரலாகாது. இங்கிருந்து புறப்பட்ட ஐந்தாம் நாள் அவர் நம் கரையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிடில் ஆற்றைக் கடக்கும்படி, அவர் புறப்படுமுன்பே, அவர் கையைக் காட்டியே நம் படைக்கு ஆணையிட்டுவிட்டோம். அவர் அங்கே இருக்கையில் அந்த ஆணையைத் திரும்பப் பெற நம்மிடம் வேறு முத்திரை இல்லை என்பதையும் நட்பின் பொருட்டுச் சொல்லி வைக்கிறோம்.

ஆடி இருபத்தைந்தாம் நாள், வெண்மணற்றுறை அரண்மனையில் இருந்து, அரசி பூதி நங்கையார் சொல்ல ஓலைக்கணக்கர் எழுதியது. ஆறு உள்ளவரை இரு கரையும் வாழ்க.

இவ்வோலையின் அடியில் முத்திரை இல்லையே என்று தங்கள் அவையோர் குறை சொல்லக்கூடும். முத்திரை இவ்வோலையைக் கையில் ஏந்தியபடி இந்நேரம் தங்கள் எதிரே நின்றுகொண்டிருக்கிறது. படகில் வந்த களைப்பு இருக்கும். முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.